பதினெட்டுக்கு அப்புறம் பத்தொன்பது

படிக்கிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்து, வேலையைப் பார்க்கப் போகிறவர்கள் ஒரு ரகம். படித்ததை நாலு பேரிடம் சொல்லாவிட்டால் சோறு இறங்காதவர்கள் இன்னொரு ரகம். 1997ஆம் வருடம் முழுக்க நான் இரண்டாவது ரகத்துக்குத் தலைவியாக இருந்தேன். (அடக்கமாகத்தான் சொல்கிறேன். உறுப்பினர்களும் நானேதான்.)

அந்த ஒரு வருடத்தில் நூற்று நான்கு புத்தகங்கள் படித்தேன். இன்றைக்கும் இதைச் சொல்லும்போது முதுகு தானாக நிமிரும். அந்த நூற்று நான்கில் ஒரே ஒரு புத்தகத்தால், செங்கல்பட்டில் ஒரு கூட்டத்துக்கு நடுவில் என் மானம் கப்பலேறியது. அந்தக் கதையைச் சொல்லும்போதும், என்ன காரணமோ, அதே முதுகு நிமிரத்தான் செய்கிறது.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. செங்கல்பட்டில் வீடு. மாமல்லபுரத்தில் கடலோரமாக இருந்த ஒரு ஹோட்டலில் டெலிபோன் ஆபரேட்டர் வேலை. காலையில் திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸில் ஒரு மணி நேரம், சாயங்காலம் திரும்பி வர ஒரு மணி நேரம். மலைக்கோயிலுக்குக் கூட்டம் ஏறினால் இன்னும் அரை மணி கூடும். பஸ்ஸில் மற்றவர்கள் தூங்குவார்கள். நான் படிப்பேன்.

படித்தால் போதாதா? ஒரு நோட்டு போட்டேன். நூற்றுத் தொண்ணூற்றிரண்டு பக்கம். அட்டையில் ‘படித்தவை – 1997’ என்று எழுதி, அடியில் இரண்டு கோடு. உள்ளே புத்தகத்தின் பெயர், எழுதியவர், ஒரு வரி விமர்சனம், அப்புறம் மார்க். ஆமாம், மார்க். நூற்றுக்கு. காஸ்ட் அக்கவுண்டன்சியில் முப்பத்தாறு வாங்கி, கடவுள் புண்ணியத்தில் பி.காம். தேறிய நான், பெரிய பெரிய எழுத்தாளர்களுக்கெல்லாம் பேப்பர் திருத்தினேன். ‘நடை தொய்வு. 58.’ ‘முடிவு அவசரம். 61.’ எழுபதைத் தாண்டியவர்கள் மூன்றே பேர்தான்.

பேச்சும் மாறிவிட்டது. ஒருநாள் அம்மா சாப்பாடு போட்டுவிட்டு, “ரசம் எப்படிடி கீது?” என்று கேட்டாள்.

“இதில் ஏதோ ஓர் அடிநாதம் குறைகிறதம்மா.”

“உப்பா?”

“உப்புதான்.”

புத்தகங்கள் எங்கிருந்து வந்தன என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் விபத்து அங்கேதான் ஆரம்பித்தது. பாதிக்கு மேல் கிளை நூலகத்தில் எடுத்தவை. மீதி நாற்பத்தொன்று என் நைனா தைத்துக் கொடுத்தவை.

நைனாவுக்கு ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு பழைய பேப்பர் கடையில் வேலை. எங்கள் தாத்தா காலம் வரைக்கும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டு, கதிர் அறுத்த குடும்பம். நைனாவைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் அங்கே எத்தனை நாள் உட்கார விட்டிருப்பார்களோ, தெரியாது. கடையில் எடைக்கல்லைப் பார்த்துப் பார்த்து எண்களை மட்டும் தானாகக் கற்றுக்கொண்டார். எழுத்து தெரியாது. ஆனால் எண்ணில் அவரை ஏமாற்றச் செங்கல்பட்டில் ஆள் கிடையாது.

அந்தக் காலத்தில் வீடுகளில் ஒரு பழக்கம் இருந்தது. வாரப் பத்திரிகையில் வரும் தொடர்கதையை வாராவாரம் கிழித்தெடுத்துச் சேர்த்து, கதை முடிந்ததும் பைண்டு பண்ணி வைப்பார்கள். பாதிப் பேர் கிழிப்பதோடு சரி. கட்டு பரணில் கிடக்கும். வீடு மாற்றும்போது சணல் கயிற்றோடு பழைய பேப்பர் கடைக்கு வந்து சேரும். அப்படி ஒரு கட்டைப் பார்த்துவிட்டால் நைனா அதைத் தராசில் ஏற்ற மாட்டார். முதலாளியிடம் சொல்லிவிட்டு வீட்டுக்கு எடுத்து வருவார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூடத்தில் உட்கார்ந்து தாள்களைப் பரப்பி, அடுக்கி, கோணி ஊசியால் தைப்பார். மறுநாள் கடையில் இருந்த கத்தியில் மூன்று ஓரமும் சமமாக வெட்டி, காலண்டர் அட்டை ஒட்டிக் கொண்டுவந்து நீட்டுவார்.

“இந்தாம்மா உன் பொஸ்தகம். நம்பரு எல்லாம் வரிசையா கீது. ரெண்டு வாட்டி பாத்துட்டேன்.”

இப்படிப்பட்ட மனிதரைப் பற்றி நான் வெளியே என்ன சொல்லிக்கொண்டிருந்தேன் தெரியுமா? ஹோட்டலிலோ நூலகத்திலோ யாராவது “அப்பா என்னம்மா பண்றார்?” என்று கேட்டால், “பேப்பர் பிசினஸ்” என்பேன். “நல்லாப் படிச்சவரா?” என்றால், “எப்பவும் பேப்பரும் கையுமாத்தான் இருப்பார்” என்பேன். சொன்னதில் பொய் இல்லை. (உண்மையும் இல்லை.) நூறு புத்தகம் படித்த பெண்ணின் அப்பாவுக்கு ஒரு வரி படிக்கத் தெரியாது என்பது வெளியே தெரிந்தால் என் கிரீடம் சாய்ந்துவிடும் என்று பயம். இதை எழுதும்போது இப்போதும் காது சுடுகிறது.

செப்டம்பர் மாதம் நைனா கொடுத்த புத்தகம்தான் அந்தப் புத்தகம். என் நோட்டில் எண்பத்தேழாவது. (பெயரைச் சொல்ல மாட்டேன். அதை எழுதியவருக்கு நான் ஒருமுறை செய்தது போதும்.) பிரபலமான ஒரு எழுத்தாளரின் தொடர்கதை. அவர் பெயர் முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் இருந்தது. கதாநாயகி மைதிலி. கும்பகோணத்தில் பேங்க் கிளார்க். தாய் ஏழாவது அத்தியாயத்தில் இறந்துவிடுகிறாள். நிச்சயம் பண்ணிய மாப்பிள்ளை கைவிட்டுவிடுகிறான். பதினெட்டாவது அத்தியாயத்தின் முடிவில், கொட்டுகிற மழையில், ஒரு பெட்டியோடு ரயில் ஏறுகிறாள்.

பத்தொன்பதாவது அத்தியாயம் இப்படித் தொடங்கியது: ரேவதி ஜன்னல் திரையை விலக்கினாள். வெளியே பனி.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. பெயரையே மாற்றிக்கொண்டு ஊட்டிக்குப் போய்விட்டாள்! அதை ஒரு வரியில்கூட விளக்கிச் சொல்லாமல், வாசகனின் புத்திக்கே விட்டுவிட்டாரே, என்ன எழுத்து! படத்திலும் அதே பெரிய கண், அதே நீளப் பின்னல். ரேவதி டீ எஸ்டேட்டில் ஆஸ்பத்திரி நடத்தினாள். கால் ஊனமான ஒரு டாக்டரைக் காதலித்தாள். நடை சும்மா பறந்தது. நோட்டில் எழுதினேன்: ‘பதினெட்டு வரை தள்ளாட்டம். பத்தொன்பதில் விஸ்வரூபம். 91.’ அந்த வருடத்தின் அதிகபட்ச மார்க் அதுதான்.

பஸ்ஸில் இந்தக் கதையைத் தினமும் கேட்டவர் பாக்கியம் அக்கா. ஹோட்டல் லாண்டரியில் வேலை. திருக்கழுக்குன்றத்தில் ஏறி, என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்ததும், “இன்னாம்மா, நேத்து அந்தப் பொண்ணு இன்னா ஆச்சி?” என்று ஆரம்பித்துவிடுவார். நானும் ஆல் இந்தியா ரேடியோ மாதிரி ஒலிபரப்புவேன். ஒரே ஒருநாள்தான் சிக்கல் வந்தது. இருபத்து மூன்றாம் அத்தியாயத்தில் ரேவதியின் அம்மா ஒரு தூக்கு முறுக்கோடு ஊட்டிக்கு வந்து இறங்குகிறாள்.

“இரு இரு,” என்றார் பாக்கியம் அக்கா. “அவங்கம்மா செத்துப்பூட்டாங்கன்னு போன வாரம் சொன்னியே. நான்கூட அழுதேன்.”

“ஆமா அக்கா.”

“செத்துப்போனவ எப்படிம்மா முறுக்கு எடுத்துகினு வருவா?”

நான் அசரவில்லை. “அது நிஜம் இல்லக்கா. அவளோட நெனப்பு. ஏங்கிப்போய்க் கிடக்கிறவளுக்கு அம்மா வந்த மாதிரி தோணுது. இது ஒரு உத்தி.”

“அந்த டாக்டரு முறுக்கு துன்னாரே?”

“அதுவும் உத்திதான்.”

பாக்கியம் அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார். அப்புறம், “படிச்சவ நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தப் பஸ்ஸில் மூளையை உபயோகித்த ஒரே ஆள் அன்றைக்கு அவர்தான் என்பது எனக்கு நாலு மாதம் கழித்துத்தான் விளங்கியது.

டிசம்பர் கடைசியில் எங்கள் ஊர் வாசகர் வட்டத்தின் செயலாளர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். என் நோட்டை நூலகத்தில் எப்படியோ பார்த்திருக்கிறார். (எப்படியோ என்ன எப்படியோ. அவர் கண்ணில் படுகிற மாதிரி மேஜையில் விரித்து வைத்ததே நான்தான்.) ‘ஆண்டின் சிறந்த வாசகர்’ கேடயம் எனக்குத்தான் என்றார். ஜனவரி கடைசி ஞாயிற்றுக்கிழமை விழா. கேடயத்தைக் கொடுக்கப் போகிறவர் யார் என்று கேட்டதும் எனக்குத் தலை சுற்றியது. என்னிடம் தொண்ணூற்றொன்று வாங்கிய அதே எழுத்தாளர்.

“அவரோட நாவலைப் பத்திப் பத்து நிமிஷம் பேசணும்மா,” என்றார் செயலாளர். “வெறும் புகழ்ச்சி வேணாம். விமர்சனமாப் பேசுங்க. அவர் ரசிப்பார்.”

விமர்சனமா? கரும்பு தின்னக் கூலியா!

வீட்டில் சொன்னதும் நைனா எழுந்து நின்றுவிட்டார். எங்கள் குடும்பத்தில் யாரும் எதற்காகவும் மேடை ஏறியதில்லை. பந்தல் போட ஏறியிருக்கிறார்கள், அவ்வளவுதான். தெரு முழுக்கச் சொன்னார். முதலாளியை அழைத்தார். ஒரு வெள்ளைச் சட்டை புதிதாகத் தைத்துக்கொண்டார். விழாவுக்குக் கிளம்பும்போது, “அந்தப் பொஸ்தகத்தயும் எடுத்துகினு வாம்மா. நாம எப்படித் தெச்சி வெச்சிக்கீறோம்னு ரைட்டரும் பாக்கட்டும்” என்றார்.

நான் புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டே சொன்னேன்: “நைனா, அங்க பெரிய பெரிய ஆளுங்க வருவாங்க. யாராச்சும் ஏதாச்சும் கேட்டா நீ ஒண்ணும் பேசாத. சும்மா சிரிச்சிகினே இரு.”

அவர் ஏன் என்று கேட்கவில்லை. “சரிம்மா” என்றார்.

விழா நடந்தது ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில். மாடியில் உண்மையான கல்யாணம் ஒன்று நடந்துகொண்டிருந்தது. கீழே எங்கள் கூட்டத்துக்கு நூறு பேர் வந்திருந்தார்கள். அதில் பாதிப் பேர் அடுத்த பந்திக்கு இடம் பிடிக்க உட்கார்ந்தவர்கள் என்று பிற்பாடு தெரிந்தது. மூன்றாவது வரிசையில் நைனா, அம்மா, பாக்கியம் அக்கா. நைனா நான் சொன்னபடியே யாரைப் பார்த்தாலும் சிரித்துக்கொண்டிருந்தார்.

நான் ஆறு பக்க உரையோடு மைக்கைப் பிடித்தேன். “மைதிலி என்பவள் ஒரு பாத்திரமல்ல, அவள் ஒரு கேள்விக்குறி” என்று ஆரம்பித்தேன். மேடையில் எழுத்தாளர் தலையை ஆட்டினார். “ஆனால் முதல் பதினெட்டு அத்தியாயங்களில் ஆசிரியரின் பேனா தடுமாறுகிறது. வர்ணனை அதிகம். மழையே ஏழு தடவை பெய்கிறது.” அவர் தலை ஆட்டுவதை நிறுத்தினார். “பத்தொன்பதாவது அத்தியாயத்தில்தான் அவர் எழுத்தாளராகப் பிறக்கிறார்! மைதிலி ரேவதியாகிறாள்! ஏழாவது அத்தியாயத்தில் இறந்த தாய், இருபத்து மூன்றில் முறுக்கோடு வருகிறாள்! இதை எழுத எத்தனை துணிச்சல் வேண்டும்!”

சரியாக அந்த நேரம் பார்த்து மாடியில் கெட்டிமேளம் கொட்டியது. கீழே இருந்த பாதிப் பேர் பழக்கதோஷத்தில் கை தட்டினார்கள். நான் அது எனக்கு என்று நினைத்து, நிறுத்தி, தலை குனிந்து ஏற்றுக்கொண்டேன்.

மேளம் ஓய்ந்ததும் எழுத்தாளர் எழுந்து நின்றிருந்தார்.

“அம்மா, ஒரு நிமிஷம். என் கதையில ரேவதின்னு யாரும் கிடையாது.”

இந்த இடத்தில் புத்தியுள்ள பெண் என்ன செய்வாள்? மன்னிப்புக் கேட்டுவிட்டு உட்காருவாள். நான் என்ன செய்தேன்?

“இருக்காங்க சார். ஊட்டியில.”

“ஊட்டியே என் கதையில கிடையாதும்மா.”

“இருக்கு சார். டீ எஸ்டேட் வருது. நீங்க எழுதி ரொம்ப வருஷம் ஆச்சில்ல, மறந்திருப்பீங்க.”

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எழுத்தாளரின் காது சிவந்தது. “எழுதின நான் மறந்துட்டேனா?”

“என்கிட்ட புஸ்தகமே இருக்கு சார்” என்று பையிலிருந்து எடுத்து, கோர்ட்டில் சாட்சிப் பொருளை நீட்டுகிற வக்கீல் மாதிரி நீட்டினேன். இருபத்திரண்டு வயதில் எனக்கிருந்த தைரியத்தில் பாதி இப்போது இருந்தால் நான் எங்கேயோ போயிருப்பேன்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு புரட்டினார். பதினெட்டு வரைக்கும் முகத்தில் ஒன்றுமில்லை. பத்தொன்பதைத் திருப்பியதும் அப்படியே நின்றுவிட்டார். ஒரு பக்கம் படித்தார். இன்னொரு பக்கம். அப்புறம் புத்தகத்தை மூடாமலே, மெதுவாக, “இது அவன் எழுதினது” என்றார்.

அந்த ‘அவன்’ யார் என்பது மேடையில் இருந்த எல்லோருக்கும் தெரியும் போலிருக்கிறது. செயலாளர் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். வேறொரு வாரப் பத்திரிகையில், அதே சமயத்தில், வேறொரு எழுத்தாளர் எழுதிய தொடர்கதை அது. இரண்டுக்கும் ஒரே ஓவியர் படம் வரைந்திருந்தார். ஒரே வீட்டில் இரண்டையும் கிழித்து, ஒரே கட்டாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். முதலாவதில் பதினெட்டுக்கு மேல் இல்லை. இரண்டாவதில் பத்தொன்பதுக்குக் கீழே இல்லை. இரண்டாவது பத்திரிகை கொஞ்சம் உயரம். நைனா ஓரத்தைச் சமமாக வெட்டியதில் அதன் தலை போய்விட்டது. தலையோடு கதையின் பெயரும் எழுதியவர் பெயரும் போய்விட்டன. படத்துக்குக் கீழே இருந்த அத்தியாய எண் மட்டும் தப்பித்தது.

அந்த இரண்டு எழுத்தாளர்களும் ஒரு காலத்தில் உயிர் நண்பர்கள், எதற்கோ சண்டை போட்டுப் பல வருடமாக ஒருவர் முகத்தில் ஒருவர் முழிப்பதில்லை என்பதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? நான் மைக் வைத்து, நூறு பேருக்கு நடுவில், இவர் எழுதியது தள்ளாட்டம் என்றும் அவர் எழுதியது விஸ்வரூபம் என்றும் இவரிடமே சொல்லி முடித்திருந்தேன்.

அவர் புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார். “யாரு இதைத் தச்சது? ரெண்டு வரி படிச்சிருந்தாத் தெரிஞ்சிருக்காது? படிப்பறிவு இல்லாத எவனோ தச்சிருக்கான்!”

நான் மூன்றாவது வரிசையைப் பார்த்தேன். நைனா சிரித்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் அந்தச் சிரிப்பு முகத்தில் ஒட்டி வைத்த மாதிரி இருந்தது. வெள்ளைச் சட்டையின் மேல் பொத்தானைக் கை பிடித்துக்கொண்டிருந்தது. ஒரு வருடமாக நான் மூடி வைத்திருந்தது இதோ நடுக்கூடத்தில் வந்து நின்றுவிட்டது. ஆனால் என்னை அந்த நிமிடம் பயமுறுத்தியது அது இல்லை. அவரை நாலு பேர் திரும்பிப் பார்த்துவிடக் கூடாதே என்பதுதான். கேடயம், கிரீடம் எதுவும் ஞாபகத்தில் இல்லை.

“நான்தான் சார் தச்சேன்” என்றேன். “ரெண்டு கதையும் கலந்துபோச்சு. தப்பு என்னுது.”

“நீயா?”

“ஆமா சார்.”

“சார்!” என்று ஒரு குரல் கேட்டது. நைனா எழுந்து நின்றிருந்தார். “சார், அதுக்கு ஊசியில நூலு கோக்கக்கூட வராது சார். சும்மா சொல்லுது. நான்தான் தெச்சேன்.”

கூடம் முழுக்கத் திரும்பியது. அம்மா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவர் உட்காரவில்லை.

“எனக்கு எழுத்து படிக்கத் தெரியாது சார். பழைய பேப்பர் கடையில வேல. நம்பரு மட்டும் தெரியும். ஒண்ணுலேர்ந்து வரிசையா வெச்சித்தான் தெச்சேன்.” அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. கையை விரித்து, நியாயம் கேட்கிற மாதிரி கேட்டார்: “பதினெட்டுக்கு அப்புறம் பத்தொம்பதுதான சார் வரும்?”

எழுத்தாளர் கையிலிருந்த புத்தகத்தில் பதினெட்டையும் பத்தொன்பதையும் மறுபடி திருப்பிப் பார்த்தார்.

“கரீட்டுதான!” என்றார் பாக்கியம் அக்கா, பக்கத்தில் இருந்தவரிடம், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. “பின்ன இருபதா வரும்?”

முதலில் சிரித்தது எழுத்தாளர்தான். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பிறகு கூடமே சிரித்தது. பந்திக்கு வந்தவர்களும் சிரித்தார்கள். நான் மட்டும் மைக்கைப் பிடித்துக்கொண்டு அழுதேன். (மைக் ஆனில் இருந்தது. மூக்கு உறிஞ்சியது மாடி வரைக்கும் கேட்டதாம்.)

அவர் மேடையிலிருந்து இறங்கி நைனாவிடம் போனார். “பேர் என்னங்க?”

“ஏழுமலை சார்.”

“ஏழுமலை, வாய் தவறிப் பேசிட்டேன். மனசுல வெச்சிக்காதீங்க. எங்க ரெண்டு பேரையும் ஒண்ணா உக்கார வெக்க எத்தனையோ பேர் பாத்தாங்க. முடியல. நீங்க ஒரே நூல்ல தச்சிட்டீங்க.”

நைனாவுக்கு இதுவும் புரியவில்லை. “தையலு சரியில்லீங்களா சார்?”

“கெட்டியா இருக்கு. இதை நான் ஒரு மாசம் வெச்சிருந்து தரலாமா?”

“எடுத்துகினு போங்க சார். ஆனா திருப்பிக் குடுத்துடணும். அது எங்க வூட்டுப் பொஸ்தகம்.”

கேடயத்தை எனக்குக் கொடுப்பதா வேண்டாமா என்று செயலாளர் விழித்துக்கொண்டிருந்தார். எழுத்தாளரே எடுத்துக் கொடுத்தார். “என் கதையில என்ன இருக்குன்னு என்கிட்டயே சாதிச்ச வாசகர் இந்தப் பொண்ணு ஒருத்திதான்” என்றார். அது பாராட்டா, திட்டா என்று நான் இதுவரை விசாரிக்கவில்லை.

வீட்டுக்கு நடந்து வரும்போது நைனாதான் கேடயத்தைத் தூக்கிவந்தார். “பேசாதன்னு சொன்னேனே நைனா,” என்றேன்.

“அந்தாளு உன்ன ஏசிகினு கீறாரு. நான் சிரிச்சிகினே குந்திகினு இருக்கவா?”

அன்றைக்கு நான் வெட்கப்பட்ட மாதிரி அதற்கு முன்னும் பின்னும் வெட்கப்பட்டதில்லை. ஊருக்கு முன்னால் உளறியதற்காக இல்லை. அந்த மனிதரைச் சிரிக்க மட்டும் சொல்லி அழைத்துப்போனதற்காக. மறுநாள் வேலைக்குப் போனதும் ஹோட்டல் மேனேஜரிடம் நானாகவே போய், என் அப்பா பழைய பேப்பர் கடையில் வேலை செய்கிறார், எழுத்து தெரியாது, ஒரு வருடத்தில் எனக்காக நாற்பத்தொரு புத்தகம் தைத்தார் என்று சொன்னேன். “இப்ப எதுக்கும்மா இது?” என்றார் அவர். “சும்மா சார்” என்றேன்.

அந்த வாரமே நாற்பத்தொன்றையும் எடுத்துச் சரிபார்த்தேன். இன்னும் ஆறு புத்தகங்களில் கதை கலந்திருந்தது. அதில் ஒன்றுக்கு நான் ‘கட்டுக்கோப்பு அபாரம்’ என்று எழுதி எழுபத்திரண்டு போட்டிருந்தேன். அன்றோடு மார்க் போடுவதை நிறுத்திக்கொண்டேன்.

ஒரு மாதம் என்று சொன்ன புத்தகம் மூன்று மாதம் கழித்துத் தபாலில் வந்தது. கடிதம் எதுவும் இல்லை. புரட்டிப் பார்த்தேன். பதினெட்டாவது அத்தியாயத்தின் முடிவில் எழுத்தாளரின் கையெழுத்து, நீல மையில். எதிர்ப்பக்கம், பத்தொன்பதின் தலை வெட்டுப்பட்ட இடத்தில், பச்சை மையில் இன்னொரு கையெழுத்து. அது அந்த ‘அவன்’ பெயர்.

நைனா எட்டிப் பார்த்தார். “இன்னாம்மா எழுதிக்கீது?”

“பேரு நைனா. ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருக்காங்க.”

“ஒரே எடத்துல குந்திகினா போட்டாங்க?”

“அப்படித்தான் இருக்கும்.”

“போட்டும்,” என்றார் நைனா. “தையலு பிரியாம வந்துச்சில்ல?”

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நியாயமாகச் செய்து வம்பில் மாட்டிக்கொள்கிற யாருக்கும், ‘பதினெட்டுக்கு அப்புறம் பத்தொம்பதுதான வரும்’ என்ற அந்த ஒரு வாக்கியம்தான் துணை. என் கல்யாணத்தில் சமையல்காரர் வாளியில் போட்டிருந்த நம்பர்படி பாயசத்துக்குப் பின்னால் சாம்பாரைக் கொண்டுவந்தபோது அம்மா சொன்னாள். மாமல்லபுரம் போக வேண்டிய என் வீட்டுக்காரர், கண்ணை மூடிக்கொண்டு வழக்கமான நம்பர் பஸ்ஸில் ஏறி, அதன் தடத்தை மாற்றியது தெரியாமல் முட்டுக்காட்டில் போய் இறங்கியபோது அவராகவே சொன்னார். பாக்கியம் அக்கா இன்றைக்கும் என்னைப் பார்த்தால் நலம் விசாரிப்பதற்கு முன்னால், “பத்தொம்பது வந்துச்சா?” என்றுதான் கேட்பார்.

என் மகளுக்கு ஒன்பது வயதானபோது, ஒரு கோடை விடுமுறையில், அந்தப் புத்தகத்தைத் தாத்தாவுக்குப் படித்துக் காட்ட ஆரம்பித்தாள். நைனா தான் தைத்த கதையை முதல்முறையாகக் கேட்டது அப்போதுதான். கும்பகோணம், பேங்க், ஏழு மழை, ரயில் எல்லாம் முடிந்தது. நான் சமையல்கட்டிலிருந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

“தாத்தா,” என்றாள் மகள். “இங்க பேரு மாறுது. மைதிலி இல்ல, ரேவதின்னு போட்டிருக்கு. இது வேற கதை தாத்தா.”

“அதே கததான். மேல படி,” என்றார் நைனா. “அவ பேர மாத்திகினு ஊட்டிக்குப் பூட்டா. உங்கம்மா அப்பவே மேடையில சொல்லிச்சி.”